மேல்மாடி அமெரிக்கர் இடித்துத் தந்த அரிசிமா

1986ஆம் ஆண்டு கோடைகாலம். டென்மார்க்கில், கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் இருக்கும் புரொண்பியில், உயரமான மாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாம் தளத்தில் நானும் இன்னொருவரும் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். அவர் என்னைவிட மூத்தவர், ஊரில் வங்கியில் வேலை செய்தவர். அதனால் எல்லாருக்கும் அவர் வங்கியண்ணைதான். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தார், இரண்டு பேரும் அகதிகள். இரண்டு பேருக்கும் ஒழுங்காகச் சமைக்கத் தெரியாது, ஆனால் மற்றவரின் சமையலைக் குறை சொல்வதில் இருவருமே கெட்டிக்காரர்கள்.

அந்தக் கோடையில் என் தங்கைக்குக் கல்யாணம் பேசி முற்றாகியிருந்தது. அவள் சில மாதங்களுக்கு முன்புதான் டென்மார்க் வந்து, அல்பர்ட்ஸ்லுண்டில் தெரிந்த குடும்பம் ஒன்றோடு தங்கியிருந்தாள். மாப்பிள்ளை மேற்குப் பக்கத்தில், ஹொல்ஸ்டெப்ரோவில் வேலை செய்பவர். நல்ல மனிதர். அவரோடு ஒரு தமக்கையும் இருந்தார். அவரும் நல்லவர்தான், ஆனால் எதையும் தட்டிப் பார்த்து, மணந்து பார்த்து, பிறகு ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் ஏற்கெனவே ஒருமுறை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து மாட்டியிருந்தேன்.

அம்மா யாழ்ப்பாணத்தில். வர வழியில்லை. அவர் ஒரு கசெட்டில் தன் குரலைப் பதிந்து, வருபவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். அழுகை, ஆசீர்வாதம், கோழி கூவுவது எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஹெலிகொப்டர் சத்தம் வரும், அம்மா கதையை நிறுத்துவார். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடங்குவார். அந்தக் கசெட்டின் பெரும் பகுதி, அரிசிமாவும் சீனியும் குழைத்து எண்ணெயில் பொரிக்கும் அரியதரம் சுடுவது எப்படி என்பதுதான்.

"தம்பி, கடை மாவில செய்யாதை. பச்சையரிசியை ஊறப்போட்டு, வடிச்சு, ஈரத்தோட இடிச்ச மா எண்டால்தான் ஒட்டிப் பிடிக்கும். பிள்ளை வெறுந்தட்டோட போய் இறங்கக் கூடாது. தாய் இல்லாத குறை தட்டில தெரியக் கூடாது."

எங்கள் வழக்கத்தில் பெண்வீட்டார் பலகாரத் தட்டுகளோடுதான் போய் இறங்குவார்கள். அந்தப் பெண்வீட்டார் என்பது இங்கே நான் ஒருவன்தான். தங்கை என்னவோ, டெனிஷ் பட்டர் பிஸ்கட் டின்களை அடுக்கிக்கொண்டு போவோம் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். சொல்லிவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த நிமிடமே நான் தீர்மானித்துவிட்டேன், அரியதரம் இல்லாமல் ஹொல்ஸ்டெப்ரோவுக்குப் போவதில்லை என்று.

முதலில், அம்மா சொன்னதைக் கேட்காமல் கடை மாவிலேயே செய்து பார்த்தோம். நான் அப்படித்தான், பட்டால்தான் விளங்கும். தட்டையாகத் தட்டி எண்ணெயில் போட்டதும் அது பொரியவில்லை, கரைந்து போய்விட்டது. சட்டிக்குள் பார்த்துவிட்டு வங்கியண்ணை, "இது அரியதரம் இல்லை, அரிசிக் கஞ்சி" என்றார்.

இனி இடிப்பதைத் தவிர வழியில்லை. உரலுக்கு எங்கே போவது? எங்கள் குடியிருப்புக்கு ஒரு பொறுப்பாளர் இருந்தார். அந்த வேலைக்கு டெனிஷில் விசவேர்ட் என்பார்கள். மின்குமிழ் மாற்றுவது முதல் சண்டை விலக்குவது வரை எல்லாம் அவர்தான். முற்றத்தில் நோய் பிடித்த மரம் ஒன்றைத் தறித்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு குற்றியைக் கேட்டோம். நாங்கள் பல்கனியில் வைத்து உட்காரக் கேட்கிறோம் என்று நினைத்து, மனிதர் சந்தோஷமாகத் தானே தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். வங்கியண்ணை அதை உளியால் குடைந்தார். பழைய வீடு உடைத்த இடத்தில் கிடந்த மாடிப்படிக் கைபிடி இரண்டு உலக்கைகளாயிற்று. எங்கள் இருவருக்கும் பெருமை பிடிபடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை, குசினித் தரையில் உரலை வைத்து இடிக்கத் தொடங்கினோம். ஊரில் பெண்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஒரே உரலில் மாறி மாறிப் போடுவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! பார்ப்பதற்கு அது ஒன்றுமேயில்லை. நாங்கள் போட்டபோது உலக்கைகள் உரலுக்குள் சண்டை பிடித்தன. அரிசி சுவரில் தெறித்தது. என் பெருவிரல் நசுங்கியது. கொங்கிறீட் கட்டடம் என்பதால் ஒவ்வொரு போடும் கீழ்மாடி தொடங்கி மேல்மாடி வரைக்கும் ஓடியது. கொஞ்ச நேரத்தில் படிக்கட்டு முழுக்க ஆட்கள். விசவேர்ட் மூச்சு வாங்க ஓடிவந்து, தான் தூக்கிவந்த மரக்குற்றியை அந்தக் கோலத்தில் பார்த்தார். பிறகு சத்தம் போடத் தொடங்கினார். கட்டடத்தை உடைக்கிறீர்களா, இன்னொருமுறை இந்தச் சத்தம் கேட்டால் வீட்டைக் காலி பண்ண வேண்டி வரும் என்றார். எங்களுக்கு அப்போது தெரிந்த அரைகுறை டெனிஷில் கல்யாணப் பலகாரத்தை விளக்க முடியவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டோம்.

கல்யாணம் அடுத்த சனிக்கிழமை. ஊறிய அரிசி ஒரு சட்டி நிறைய இருந்தது. வங்கியண்ணை அதைப் பார்த்துக்கொண்டு, "புளிக்கப் போகுது" என்றார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது.

அந்த நேரம் கதவில் தட்டும் சத்தம். திறந்தால், மேல்மாடி அமெரிக்கர். அவரைப் படிக்கட்டில் கண்டிருக்கிறோம், ஆனால் ஒருநாளும் கதைத்ததில்லை. நல்ல உயரம், கறுப்பினத்தவர், ஐம்பதைத் தாண்டிய வயது, எப்போதும் தொப்பி. ஏதோ ஜாஸ் குழுவில் ட்ரம்ஸ் அடிக்க வந்து, ஒரு டெனிஷ் பெண்ணைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்டவர் என்று கேள்வி. இவரும் முறையிடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, அவர் வாய் திறக்கும் முன்பே நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் என்னைத் தாண்டிக் குசினிக்குள் எட்டிப் பார்த்தார். உரலைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

நெல்லா, அரிசியா, என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் அப்படியே திகைத்துப்போனேன். அரிசி, ஊறப்போட்டது, என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, நினைத்தேன், நினைத்தேன் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு எங்களைக் கேட்காமலே உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

வீடு தேடி வந்தவரைச் சும்மா விட முடியுமா? அமெரிக்கர் என்றால் பியர்தானே என்று வங்கியண்ணை ஒரு போத்தலை உடைத்து நீட்டினார். வேண்டாம் என்றார். சரி, சாப்பிடட்டும் என்று சலாமித் துண்டுகளை வைத்தோம். அதையும் கையால் மெல்ல ஒதுக்கிவிட்டார். வங்கியண்ணை என் பக்கம் திரும்பி, "என்னடாப்பா, இவர் ஐயரோ?" என்றார்.

தான் முஸ்லிம் என்று அவர் சொன்னார். தொழுகிறவர், நோன்பு பிடிக்கிறவர். எங்களுக்கு அது ஒரு புதினமாகப் போய்விட்டது. துருக்கி முஸ்லிம்களைத் தெரியும், பாகிஸ்தான் முஸ்லிம்களைத் தெரியும், எங்கள் ஊர் முஸ்லிம்களோடு ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். அமெரிக்காவில் ஏது முஸ்லிம்? வங்கியண்ணை மனதில் ஒன்றை வைத்திருக்கத் தெரியாத ஆள். எப்போது மதம் மாறினீர்கள் என்று நேரடியாகவே கேட்டுவிட்டார்.

அவர் கோபிக்கவில்லை. பெரிதாகச் சிரித்தார். அது பெரிய கதை, முதலில் உங்கள் அரிசி புளிக்க முன்பு ஒரு வழி பார்ப்போம் என்று எழும்பினார். தொழிற்சாலைகள் இருக்கும் பக்கத்தில், ஒரு பழைய களஞ்சியத்தின் நிலக்கீழ் அறையை அவரும் நண்பர்களும் ஒத்திகை பார்க்க வைத்திருந்தார்கள். அங்கே இடி விழுந்தாலும் வெளியில் கேட்காது என்றார். உரலை அவரே தோளில் தூக்கினார். விசவேர்ட் வாசலில் நின்று எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நாங்கள் ஏதோ கட்டடத்தின் ஒரு பகுதியைத்தான் கழற்றிக்கொண்டு போகிறோம் என்பது போலப் பார்த்தார்.

அந்த அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டையும் பழைய மெத்தையும். ஒரு மூலையில் ட்ரம்ஸ், அதன் பின்னால் சுருட்டி வைத்த தொழுகைப் பாய். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று பழைய சண்டையைத் திரும்பத் தொடங்கினோம். அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வங்கியண்ணையின் கையிலிருந்து உலக்கையை வாங்கி, என் முன்னால் வந்து நின்றார்.

நீ போடு, நான் உன் பின்னால் வருகிறேன், என்னைப் பார்க்காதே, காதால் கேள், என்றார்.

நான் போட்டேன். என் உலக்கை மேலே போகும்போது அவருடையது கீழே வந்தது. அவருடையது எழும்பும்போது என்னுடையது விழுந்தது. ஒருமுறைகூட இடிபடவில்லை. அவர் தொண்டைக்குள் ஏதோ முணுமுணுத்தபடி, உலக்கையை விட்டுப் பிடிக்கும் இடைவெளியில் ஒரு கைதட்டும் போட்டார். எங்கள் ஊர்ப் பெண்கள் செய்யும் அதே வித்தை! வங்கியண்ணை அரிதட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐயோ, இந்த மனிசன் எங்கட ஆளடா!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பில் புரையேறியது.

அரித்து, அரிதட்டில் மிஞ்சிய கப்பியைத் திரும்ப இடித்து, இடையில் களைப்பாற உட்கார்ந்தபோதுதான் அவர் தன் கதையைச் சொன்னார். அமெரிக்காவின் தெற்கே, கடலோரத் தீவு ஒன்றில் பிறந்தவர். அவருடைய தாயின் சிறிய தாயார் ஒருவர் அந்த வீட்டில் இருந்தாராம். வருடத்தில் ஒரு நாள் அவர் அரிசியை இரவு ஊறப்போட்டு, காலையில் மரவுரலில் இடிப்பார். இவரும் ஒரு மச்சானும்தான் மற்ற உலக்கை. என் முதல் ட்ரம்ஸ் அந்த உரல்தான் என்றார். இடித்த மாவில் தேன் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டையாகத் தட்டி, பிள்ளைகளை வட்டமாக நிறுத்தி ஆளுக்கொன்று கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியுமோ என்னவோ. விடியற்காலையில் ஒரு துணியை விரித்து, சூரியன் வரும் பக்கம் பார்த்துக் குனிந்து எழும்புவார். பன்றி இறைச்சி அவர் வாயில் படாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடும் சேர்ந்து தேவாலயத்துக்கும் போவார். வயதானவர், அவர் அப்படித்தான் என்று விட்டுவிட்டார்களாம்.

இவர் வளர்ந்து நியூயோர்க் போய், ட்ரம்ஸ் அடிக்கும் காலத்தில் இசைக்காரர் சிலரோடு பழகி முஸ்லிம் ஆனார். வீட்டில் பெரிய குழப்பம். தேவாலயத்துக் குடும்பத்தில் முதன்முதலாக இப்படி ஒருவன் புறப்பட்டிருக்கிறானே என்று தாய் அழுதாராம். இவரும் தன்னைத்தான் முதல் ஆள் என்று நினைத்திருந்தார். கோபன்ஹேகன் வந்து பல வருடம் கழித்து, தொழுகைக்கு வந்த காம்பியா நாட்டவர் ஒருவரோடு ஊர்க் கதை கதைத்தபோது இந்த அரிசித் தட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் எழும்பி நின்றுவிட்டாராம். எங்கள் ஊரிலும் பெண்கள் இதைத்தான் செய்கிறார்கள், இப்படித்தான் இடிப்பார்கள், தர்மமாகப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள், அந்தச் சொல்லுக்கும் எங்கள் மொழியில் தர்மம் என்பதுதான் பொருள், என்றாராம்.

அமெரிக்கா என்றொரு நாடு உண்டாவதற்கு முன்பே, நெல் விளைவிக்கத் தெரிந்தவர்கள் என்று ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுபோனவர்களில் எத்தனையோ பேர் முஸ்லிம்கள். பெயரை மாற்றினார்கள், மொழியை மறக்கச் செய்தார்கள், பிள்ளைகளைப் பிரித்து விற்றார்கள். இவர் படித்த எந்தப் பள்ளிப் புத்தகத்திலும் இது இல்லை. அந்தச் சிறிய தாயார் கொடுத்த அரிசித் தட்டை ஒன்றுதான் தப்பி வந்திருக்கிறது. இதைச் சொல்லிவிட்டு வங்கியண்ணையைப் பார்த்தார்.

"நான் எப்போது மாறினேன் என்று கேட்டீர்கள். நான் வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறேன், வேறொன்றும் இல்லை."

வங்கியண்ணை சால்வையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். மா கண்ணில் விழுந்துவிட்டது என்று சமாளித்தார். நான் அரிதட்டை எடுத்து, அரித்த மாவையே திரும்ப அரித்தேன்.

மா முழுவதும் இடித்து முடிந்ததும் அவர் ஒரே ஒன்று கேட்டார். தனக்குக் கொஞ்சம் மா வேண்டும், பலகாரம் செய்வதற்கு முன்பே வேண்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்த பிறகுதான் வீட்டுக்கு எடுக்க வேண்டும் என்பது அந்தத் தாயாரின் முறையாம். சுவரில் தெறித்தது, தரையில் கொட்டியது போக மிஞ்சியதே தட்டுகளுக்குக் காணுமோ காணாதோ என்ற நிலை. வங்கியண்ணை யோசிக்கவே இல்லை. "அள்ளுங்கோ, அள்ளுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிப் பாத்திரத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

எங்கள் குடியிருப்பு முற்றத்திலேயே அவர் அதைச் செய்தார். தேன் விட்டுப் பிசைந்து, தட்டையாகத் தட்டி, விளையாடிக்கொண்டிருந்த துருக்கிப் பிள்ளை, டெனிஷ் பிள்ளை எல்லாரையும் வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொரு கையிலும் ஒன்றை வைத்து அந்தச் சொல்லைச் சொன்னார். என்ன கலாட்டா என்று விசவேர்ட்டும் வந்து சேர்ந்தார். அவர் கையிலும் ஒன்று. இது என்ன என்று கேட்டார். காலையில் நீங்கள் கேட்ட சத்தம்தான் இது என்று அமெரிக்கர் டெனிஷில் சொன்னார். விசவேர்ட் மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று கேட்டார்.

அன்று பின்னேரம் சீனி சேர்த்துக் குழைத்து மூடி வைத்த மாவை அடுத்தநாள் எடுத்துச் சுட்டோம். முதல் அரியதரத்தை எண்ணெயில் விட்டேன். அது சட்டியின் அடியில் போய்ப் படுத்தது. இதுவும் கரையப் போகிறது என்று நினைத்தேன். மெல்ல மேலே வந்தது. ஓரம் சிவந்து, வட்டமாக, முழுசாக! நாங்கள் இருவரும் குசினிக்குள் துள்ளிக் குதித்தோம். பிறகுதான் கீழ்வீட்டுக்காரரின் நினைவு வந்து நிறுத்தினோம். தட்டுகளும் ஒருவாறு நிறைந்தன.

அமெரிக்கரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டோம். வருகிறேன் என்றார், வந்தும் விட்டார். கோபன்ஹேகன் இருப்பது ஒரு தீவில். அங்கிருந்து மேற்கே போக அப்போது பாலம் கிடையாது, ரயில் கப்பலில் ஏறிக் கடலைக் கடக்கும். அந்தப் பயணம் முழுக்கத் தட்டுகளைப் பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனோம். அமெரிக்கரின் தட்டில், மிச்சம் வைத்த மாவில் தட்டிய வெள்ளை வெளேரென்ற அரிசித் தட்டைகள். அதையும் பெண்வீட்டுப் பலகாரமாகவே தான் தூக்கி வருவேன் என்று அடம்பிடித்தார்.

ஹொல்ஸ்டெப்ரோவில் மண்டபத்துக்குள் நாங்கள் தட்டுகளோடு போனபோது, பெண்வீட்டு ஊர்வலத்தில் என் தங்கையோடு சேர்த்து நான்கே பேர். அதில் ஒருவர் ஆறடி உயரத்தில், கறுப்புச் சூட்டோடு. எல்லாக் கண்ணும் அவர்மேல்தான். மாப்பிள்ளையின் தமக்கை வந்தார். ஒரு அரியதரத்தை எடுத்தார், உடைத்தார், மணந்தார். ஒரு துண்டை வாயில் போட்டார்.

"இது கடை மா இல்லை. ஆர் இடிச்சது?"

நான் வாய் திறக்க முன்பே தங்கை முந்திக்கொண்டாள். அமெரிக்கரின் கையைப் பிடித்து முன்னே கொண்டுவந்து, "என்ர பெரியப்பா இடிச்சது" என்றாள்.

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் தொப்பியைக் கழற்றி எல்லாருக்கும் தலை வணங்கினார். தமக்கையும் சிரித்துவிட்டார். அமெரிக்கரின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, இதென்ன பலகாரம் என்று கேட்டார். தங்கை ஏற்கெனவே ரயிலில் கதை முழுவதையும் கேட்டிருந்தாள். மணவறைக்குப் போக வேண்டிய பெண், அங்கேயே நின்று அந்தச் சிறிய தாயாரின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். ஐயர் நேரம் போகிறது என்று மணி அடிக்க வேண்டி வந்தது. தாய் இல்லாத குறை அன்று தட்டில் தெரியவில்லை. தங்கையின் முகத்திலும் தெரியவில்லை.

இப்போது எனக்கும் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில்தான் பதில் வருகிறது. மொழி போகிறது, முறை போகிறது, இவர்களிடம் நாங்கள் எதைத்தான் விட்டுவிட்டுப் போகப் போகிறோம் என்று நண்பர்கள் கூடினால் புலம்புகிறோம். நானும் சேர்ந்துதான் புலம்புகிறேன். ஆனால் அப்போதெல்லாம் நான் முகமே காணாத அந்தத் தீவுத் தாயார் என் மனதில் வந்து நிற்பார். எல்லாவற்றையும் பறிகொடுத்த பிறகும், கையில் மிஞ்சியதைத் தட்டையாகத் தட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டேயிருந்தார் அந்த அம்மா. அது யாரிடம், எப்போது, எந்த நாட்டில் போய்ச் சேரும் என்று கவலைப்படாமல் கொடுப்பதுதான் என் வேலை என்று அவரிடமிருந்தே படித்துக்கொண்டேன்.